பேச்சின் வேர்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கும் ஆண்டறிக்கையும் வாசிக்கப்பட்ட பின், பொதுப் பயனுள்ள ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பேச்சைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம். மனிதனின் பேச்சு எங்கே பிறக்கிறது, அது நின்று போனால் உள்ளே என்ன நேர்ந்திருக்கிறது, அப்போது நம் கடமை என்ன என்பனவே இன்றைய செய்தி.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியே காரணம். கருப்பட்டி வணிகம் செய்து வந்த எங்கள் பெரியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்பினார். தேநீர் கேட்க வாயெடுத்தவரிடமிருந்து பொருளற்ற ஒலிகளே வந்தன. வலக்கை தளர்ந்து தொங்கியது. வெயிலின் கொடுமை என்றார் ஒருவர். பித்தம் என்றார் மற்றவர். காற்றுச் சேட்டை என்று சொன்னவர் பேச்சே எடுபட்டது. நூல் ஓதிக் கட்டினோம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது மூன்றாம் நாள். மூளையின் இடப்பக்க ஆழத்தில் இரத்தக் குழாய் அடைபட்டிருப்பதை ஸ்கேன் படத்தில் காட்டிய மருத்துவர், "முதல் நாள் காலையிலேயே வந்திருக்க வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை நாங்கள் இன்றுவரை மறக்கவில்லை.

சொல் ஒன்று, வேலை பல

பேசுவது எளிது என்று நினைக்கிறோம். 'வாழைப்பழம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் குவிகின்றன, விரிகின்றன; நா மேலே வளைந்து ழகரத்தைத் தொடாமல் தொட்டு இறங்குகிறது; குரல்வளை அதிர்கிறது; மூச்சு அளந்து விடப்படுகிறது. சாதாரணப் பேச்சில் ஒரு வினாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகளை நாம் எழுப்புகிறோம். அதற்கென மார்பு, தொண்டை, தாடை, நா, உதடு ஆகியவற்றின் எண்ணற்ற தசைகள் நொடிப்பொழுதும் பிசகாமல் ஒன்றையொன்று தொடர வேண்டும். நா சற்றே முந்தினாலும் பிந்தினாலும் 'வாழை' 'வாளை'யாகி, தோட்டத்துக் கனி கடல் மீனாகிவிடும். இத்தனையையும் ஒழுங்குபடுத்துவது மூளை.

இவ்வாராய்ச்சி தெளிவாகத் தொடங்கியது 1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில். லெபோர்ன் என்ற நோயாளி பல்லாண்டுகளாக மருத்துவமனையில் இருந்தார். எதைக் கேட்டாலும் அவரால் சொல்ல முடிந்தது 'டான்' என்ற ஓர் அசை மட்டுமே. பிறர் சொல்வது அவருக்கு விளங்கியது. அவர் இறந்த பின் பால் புரோக்கா என்ற மருத்துவர் மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்பகுதியின் மேற்பரப்பில் பழுது இருப்பதைக் கண்டார். அப்பகுதி இன்றும் புரோக்காவின் பகுதி என்றே அழைக்கப்படுகிறது. 1874-இல் ஜெர்மானியரான வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்வதற்கு வேறொரு பகுதி இன்றியமையாதது என்று காட்டினார். அதன் பிறகு நெடுங்காலம் பேச்சு என்பது மூளையின் மேற்பரப்பின் வேலை என்றே பெரும்பாலோர் கருதி வந்தனர்.

ஆனால் லெபோர்னின் மூளையைப் புரோக்கா வெட்டிப் பார்க்கவில்லை. முழுமையாகவே பாதுகாத்து வைத்தார். ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், நினா டிரோங்கர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதே மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் படமெடுத்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. பழுது மேற்பரப்போடு நிற்கவில்லை. மூளையின் ஆழம் வரை இறங்கியிருந்தது. பாடநூல்களுக்கெல்லாம் முதற் சான்றாக நின்ற அந்த மனிதர் ஊமையானதற்கு ஆழத்திலிருந்த பழுதும் காரணமாக இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

கண்மாயும் மடையும்

அந்த ஆழத்தில் இருப்பது என்ன? மூளையின் நடுவே, இருபுறமும், முட்டை வடிவில் தலாமஸ் என்னும் பகுதி இருக்கிறது. அதைச் சூழ்ந்து 'பேசல் கேங்லியா' என்று மருத்துவர்கள் அழைக்கும் நரம்புக் கணுக்களின் தொகுதி இருக்கிறது. நம் சீமையில் வாழ்பவர்களுக்கு இதன் வேலையை விளக்குவது எளிது. கண்மாய் நிறைய நீர் இருந்தாலும் மடை திறந்தால்தான் வயலுக்குப் பாயும். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எதை அடைப்பது என்று பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி இருப்பார். சொற்களும் கருத்தும் மூளையின் மேற்பரப்பில் தேங்கியிருக்கும் நீர் என்றால், அவற்றை முறையாகத் திறந்து விடும் நீர்பாய்ச்சி இந்த ஆழத்துக் கணுக்களே. சாதாரண நேரத்தில் அவை தலாமஸை அடக்கியே வைத்திருக்கின்றன. ஓர் அசைவு வேண்டும்போது அதற்குரிய மடையில் மட்டும் பிடியைத் தளர்த்துகின்றன. கையை உயர்த்துவதற்கும் இதுதான் முறை. நாவை அசைப்பதற்கும் இதுதான் முறை.

மடை திறக்கவில்லை என்றால் கண்மாய் வற்றிவிட்டது என்று பொருளா? இன்றைய உரையின் சாரமே இந்தக் கேள்விதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

சென்னையில் திறந்த வழி

இந்த ஆழத்துக்குள் மருத்துவர்கள் இறங்கிய வரலாற்றில் நம் தமிழகத்துக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன் ஆகியோரும் 1960-களில் 'ஸ்டீரியோடாக்டிக்' என்னும் அறுவை முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தனர். நாட்டின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவரான டாக்டர் டி.எஸ். கனகாவும் அக்குழுவில் இணைந்து பணியாற்றினார். மூளையின் ஆழத்தில் மின்முனைகளை நிலையாகப் பொருத்தும் சிகிச்சையை 1970-களின் நடுப்பகுதியிலேயே செய்து பார்த்தவர் அவர். 2018-இல் தம் எண்பத்தாறாம் வயதில் காலமானார்.

அந்த அறுவை முறையைச் சற்று விளக்குவோம். நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்று பொருத்தப்படும். படங்களின் துணையால் ஆழத்திலுள்ள இலக்கின் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, மண்டை ஓட்டில் இடும் சிறு துளை வழியாக மெல்லிய கருவியைச் செலுத்துவர். பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். தோலை மரக்கச் செய்தால் போதும். மூளைக்கு வலி தெரியாது. "கையை நீட்டுங்கள், எண்ணுங்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே இருப்பார். நடுக்கம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கும், பேச்சு குழறுகிறதா என்று கவனிப்பதற்கும் அது வேண்டும்.

இந்த அறுவைகள் உலகெங்கும் நடந்தபோது மருத்துவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். நடுக்கத்தைப் போக்கத் தலாமஸின் ஒரு பக்கத்தில் சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்தால் பலருக்கும் நலம் கிடைத்தது. இரு பக்கமும் செய்தால் குரல் மங்கிப் பேச்சு குழறும் ஆபத்து மிகுந்தது. ஆகவே இரு பக்க அறுவையைத் தவிர்க்கலாயினர். ஆழத்துக்கும் பேச்சுக்கும் உள்ள உறவு இவ்வாறு அறுவை மேசையிலேயே புலப்பட்டது. 1987-இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் பெனபித் என்ற மருத்துவர் திசுவை அழிப்பதற்குப் பதிலாக, ஆழத்தில் மின்முனையை நிறுத்தி இடைவிடாமல் மின்துடிப்பு அனுப்பும் முறையைக் கையாண்டார். இன்று இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகளிலும் அது செய்யப்படுகிறது.

நரம்பணுக்கள் பேசுவதைக் கேட்டவர்கள்

மின்முனையைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காக, நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே கருவியை இறக்குவது வழக்கம். பொரி பொரிவது போன்ற ஓசை எழும். நோயாளி விழித்திருக்கிறார், ஆழத்தின் ஓசையும் கேட்கிறது. அப்படியானால் அந்த நேரத்தில் அவரைப் பேசச் சொன்னால் என்ன என்று ஆய்வாளர்கள் எண்ணினர்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த குழுவினர் பார்க்கின்சன் நோயாளிகள் பன்னிருவரிடம், அவர்களது இசைவோடு, இதைச் செய்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். தலாமஸுக்குக் கீழே சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று ஒரு சிறு கரு உண்டு. அளவில் ஒரு பயறுக்கு ஒப்பிடுவார்கள். உடல் அசைவுக்குத் தடைக்கட்டை போல அது வேலை செய்கிறது. நோயாளிகள் திரையில் தோன்றிய அசைகளை வாய்விட்டுப் படித்தபோது, அக்கருவிலிருந்து பதிவு செய்த 79 நரம்பணுப் பதிவுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை தம் துடிப்பை மாற்றின. அவற்றுள் ஒரு சாரார், எழுத்து கண்ணில் பட்டதை ஒட்டித் துடிப்பைக் குறைத்தன. மற்றொரு சாரார், வாயிலிருந்து ஒலி எழும் நேரத்தை ஒட்டித் துடிப்பைக் கூட்டின. முன்னே அடங்குவதற்கும் பின்னே எழுவதற்கும் வெவ்வேறு அணுக்கள்! நாம் சொன்ன உவமையில் வைத்துப் பார்த்தால், மடையைத் தளர்த்துவோரும் பிடிப்போரும் தனித்தனியே நின்று, ஒரே அசைக்காக முறை வைத்து வேலை பார்க்கின்றனர். நாம் ஒரு ஸலாம் சொல்வதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது.

ஓதுதல் வேறு, பேசுதல் வேறு

இனி, நம் போன்றோர் கூர்ந்து கேட்க வேண்டிய பகுதிக்கு வருவோம்.

எங்கள் பெரியவருக்கு வாதம் கண்ட பின் "தண்ணீர்" என்று கேட்க வரவில்லை. ஆனால் யாராவது தொடங்கி வைத்தால் சூரத்துல் ஃபாத்திஹாவை முழுமையாக ஓதிவிடுவார். ஒன்று முதல் பத்து வரை எண்ணிவிடுவார். வீட்டிலோ, "ஓத முடிகிறவருக்குப் பேச முடியாதா? பிடிவாதம்!" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அது அறியாமை. மனனம் செய்து ஆயிரமாயிரம் முறை ஓதிய சொற்களும், அவ்வப்போது நாமே கோத்துப் பேசும் சொற்களும் மூளையில் ஒரே வழியில் வருவதில்லை. இடப்பக்கப் பழுதினால் பேச்சை இழந்த பலருக்கு மனனமான வாசகங்கள் எஞ்சி நிற்பதை உலகெங்கும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 1993-இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. ஹீப்ரு, பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளும் பேசிய 75 வயது முதியவர் அவர். வாதத்தினால் மூளையின் வலப்பக்க ஆழத்திலுள்ள கணுக்கள் பழுதடைந்தன. உரையாடலில் குறையில்லை. ஆனால் இளமை முதல் நாள்தோறும் ஓதி வந்த பிரார்த்தனை வாசகங்களை அவரால் சொல்ல இயலவில்லை. எண்களை வரிசையாகச் சொல்வதிலும் தடுமாறினார்.

இதைக் கேட்டபோது நம் நெஞ்சு நடுங்கியது. நம் ஊரில் ஒரு முதியவர் நன்றாகப் பேசிக்கொண்டே, "எனக்கு அத்தஹிய்யாத் வரவில்லை" என்று சொன்னால் நாம் என்ன நினைப்போம்? ஈமானில் குறை என்று நினைத்துவிட மாட்டோமா? அவரும் அப்படியே தம்மை நொந்துகொண்டு, வெட்கத்தால் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட மாட்டாரா? அது மூளையின் ஆழத்தில் நேர்ந்த காயமாக இருக்கலாம். நேற்று வரை ஓதியவருக்கு இன்று திடீரென ஓத வராவிட்டால், அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொழுகையைப் பற்றிய அவருடைய கவலைக்கு உலமாக்கள் கனிவோடு விடை சொல்வார்கள்.

இத்தாலியில் இன்னொரு நிகழ்ச்சி. வாழ்நாளெல்லாம் தம் வட்டார மொழியையே பேசி, பொது மொழியான இத்தாலியனை எப்போதாவது மட்டும் பேசிய மூதாட்டி ஒருவருக்கு, இடப்பக்க ஆழத்தில் வாதம் கண்டது. பேச்சு திரும்பியபோது தாய்மொழி பின்வாங்கி, பொது மொழியே நாவில் முந்தியது. வீட்டார் திகைத்தனர். மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய நம்மவர் ஒருவர் நோயுற்றபின் மலாயோ அரபியோ பேசத் தொடங்கினால், அதைப் பேய் பேசுகிறது என்று எவரும் சொல்லிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைக் கூறினோம்.

குரல் தேயும் நோய்

வாதம் ஒரே நாளில் பேச்சைப் பறிக்கிறது. பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதமோ குரலை ஆண்டுக்கணக்கில் தேய்க்கிறது. ஆழத்துக் கணுக்களுக்குத் தேவையான டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் மெல்ல அழிவதே இந்நோய். மடைகள் போதிய அளவு திறப்பதில்லை. நடை குறுகுகிறது, எழுத்து சிறுக்கிறது, குரல் தாழ்கிறது. வியப்பு என்னவென்றால், தாம் மெதுவாகப் பேசுவது பெரும்பாலும் அந்த நோயாளிக்கே தெரிவதில்லை. "நான் சரியாகத்தான் பேசுகிறேன், உனக்குத்தான் காது மந்தம்" என்று துணைவியாரிடம் சண்டையிடுவார். ஒரு காலத்தில் தெருக்கோடி வரை கேட்ட பாங்கோசைக்கு உரியவரின் குரல், வாசல் தாண்டாமல் போனால், அதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்நோய்க்கு இன்றும் தலையாய மருந்து லெவோடோபா. 1960-களில் அது சிகிச்சைக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே, 1937-இல், சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இரு அறிஞர்கள் நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர். அதற்காகப் பூனைக்காலி விதையைத் தாமே அரைத்துக் குடித்துவிடக் கூடாது. அளவு தவறினால் தீங்கு. மருத்துவரே அளவு சொல்ல வேண்டும்.

மருந்து கை கால்களுக்குக் கைகொடுக்கும் அளவுக்குக் குரலுக்குக் கைகொடுப்பதில்லை. ஆழத்தில் மின்முனை பொருத்தும் சிகிச்சையும் அவ்வாறே. நடுக்கம் நின்றாலும், சிலருக்குப் பேச்சு முன்னிலும் குழறுவதுண்டு. அச்சிகிச்சையை நாடுவோர் இதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். குரலுக்குப் பயிற்சியே துணை. 1987 முதல் அமெரிக்காவில் வளர்ந்த ஒரு முறையில், வாரம் நான்கு நாளாக நான்கு வாரங்கள், ஒரே ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். "உரக்கப் பேசுங்கள்" என்பதே அது. லீ சில்வர்மேன் என்ற பெண் நோயாளியின் பெயரை அப்பயிற்சிக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பெரியோர்களே! நம் கரையோரத்தில், இங்கிருந்து தொலைவில் இல்லாத ஏர்வாடியில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீ பற்றிய கொட்டகையிலிருந்து தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அந்தத் துயரம் நாடு முழுவதையும் உலுக்கியது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அறவே தடை செய்கிறது. மூளையில் நேரும் நோயை நோயாகப் பார்க்கத் தவறினால் அதன் விலை என்ன என்பதை இந்தியாவிலேயே நமக்கு அண்மையில் கண்டவர்கள் நாம். நாங்கள் நூல் கட்டிக் காத்திருந்த அந்த மூன்று நாளும் அதே தவற்றின் சிறிய வடிவம்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

முதலாவது, நேரம். திடீரென வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அது வாதம் என்றே கொண்டு, 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். முந்தக் கொடுத்தால் பலன் மிகுதி. அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகே அதைக் கொடுக்க முடியும்; கசிவாக இருந்தால் அம்மருந்தே உயிருக்கு உலையாகும். சாயல்குடியிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை கேட்டு அலைவதற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். பேச்சு குழறுபவருக்கு விழுங்குவதும் தடைபட்டிருக்கலாம். வாயில் தண்ணீரோ மாத்திரையோ புகட்டாதீர்கள்.

இரண்டாவது, பயிற்சி. பேச்சு போனவருக்குப் பேச்சுப் பயிற்சி தரும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. வீட்டாரும் கற்றுக்கொண்டு நாள்தோறும் தொடர வேண்டும். நம் இளைஞர்களுள் எவரேனும் இப்படிப்பைத் தேர்ந்தெடுப்பாராயின், இக்கரை முழுவதற்கும் பயன்படுவார்.

மூன்றாவது, மரியாதை. பேச்சிழந்தவரிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள். அவர் தேடும் சொல்லை நாம் முந்திச் சொல்லி முடிக்காமல் காத்திருங்கள். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசாதீர்கள். திருமண இசைவு, சொத்து, வஸிய்யத் ஆகியவற்றில் அவரை ஒதுக்கிவிடாதீர்கள். பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகையை வாய்ச்சொல்லுக்கு நிகராக ஏற்கும் நெறி நம் சட்ட மரபில் பழமையானது. நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சிய மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றையும், மூன்று நாட்கள் சைகையாலேயே மக்களிடம் பேசிய ஜக்கரிய்யா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றையும் ஓதுகிற சமுதாயம் நாம்.

இறுதியாக, எங்கள் பெரியவரிடமே திரும்புவோம். வாதம் கண்ட இரண்டாம் ஆண்டு, அவர் கட்டிலருகே அமர்ந்து பாகப்பிரிவினை பேசினோம். "அவருக்கு ஒன்றும் விளங்காது" என்று எங்களுள் ஒருவர் சொன்னார். கடைக் கணக்கேட்டை ஒரு பேரன் அவர் மடியில் வைத்தான். பெரியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு இடக்கை விரலை ஒரு கூட்டுத்தொகையின் மேல் வைத்து, எடுக்கவே இல்லை. கூட்டிப் பார்த்தோம். தொகை தவறாக இருந்தது. அவர் கண்களில் நீர் வழிந்தது. எங்களால் தலை நிமிர முடியவில்லை.

கண்மாய் நிறைந்தே இருந்தது. மடை மட்டுமே திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவர் முன்னிலையில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். அந்த வருத்தம் இம்மஹல்லாவில் வேறு எந்த வீட்டுக்கும் வர வேண்டாம் என்பதே இவ்வுரையின் நோக்கம்.